குனியப் பயந்த இடுப்பும் குடத்துத் தண்ணீரும்: நாள்பட்ட வலியோடு மறுபடி அசையப் பழகுவது எப்படி

கேஸ் சிலிண்டரைத் தூக்கி அடுப்படிக்குள் வைக்கப் போய்த்தான் எனக்கு இடுப்பு பிடித்தது. அந்த வலி ஆறேழு வாரத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் குனியவே இல்லை. கீழே விழுந்த துண்டைக் கால் விரலால் பிடித்துக் கைக்குக் கொண்டுவரும் வித்தை எனக்கு அத்துப்படி. பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கீழ்த்தட்டில் இருந்த சோப்பு, சீயக்காய், கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் ஒவ்வொன்றாக மேல்தட்டுக்கு ஏறின. கல்யாண வீட்டில் தரையில் பந்தி என்றால் சாப்பிடாமலே வந்துவிடுவேன். சின்ன வயதில் இருந்து முங்கிக் குளித்த தாமிரபரணிப் படித்துறை, குறுக்குத்துறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, படியில் இறங்கினால் இடுப்பு போய்விடும் என்று.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பிறகுதான் தெரிந்தது. கைனீசியோஃபோபியா. அசைந்தால் உடம்பு கெட்டுப்போகும் என்ற பயம். வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட வலி என்பார்கள், அந்த மாதிரி வலிக்காரர்களில் நிறையப் பேருக்கு இந்தப் பயமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இடுப்பு, கழுத்து, முட்டி, தோள் எதுவாக இருந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். நான் இதில் இருந்து வெளியே வந்த வழியை அப்படியே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பலசரக்குக் கடைக்காரன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு, என்னைவிட இருபது வயது இளையவள், அவளுக்கு நான் அண்ணாச்சி.

முதலில் டாக்டர், அதற்கு மாற்று இல்லை

பயம் வேறு, உண்மையான ஆபத்து வேறு. கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது, இரண்டு தொடைக்கும் நடுவில் உட்காரும் இடம் மரத்துப்போவது, காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது (செருப்பு தானாகக் கழன்று விழுவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பது). இந்த மூன்றுக்கும் நாளை என்று தள்ளக் கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமே இல்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்ட பிறகு தொடங்கிய வலி, எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ள வயதானவர்கள், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், இவர்களும் முதலில் காட்டிவிட வேண்டும். ஆபரேஷன் ஆனவர்கள் ஆபரேஷன் செய்தவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் இல்லை, "பயப்பட ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொன்ன பிறகும் நீங்கள் பயந்துகொண்டே இருக்கிறீர்களா, அப்போது மேலே படியுங்கள்.

ஸ்கேன் பேப்பர் செய்த வேலை

என் பயத்தில் பாதி அந்தப் பேப்பரில் இருந்து வந்தது. டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்குவது), தேய்மானம் என்று ஏதேதோ எழுதியிருந்தது. நான் போன ஒரு இடத்தில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு பிதுங்கி நிக்கி, இனி குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, தரையில உக்காரவே கூடாது" என்றார்கள். எவ்வளவு நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆயுசுக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன். பெல்ட் ஒன்று, பதினைந்து நாள் கரண்ட் வைத்தது, அவ்வளவுதான் வைத்தியம். கரண்ட் வைக்கும்போது சுகமாகத்தான் இருந்தது, கட்டிலைவிட்டு இறங்கியதும் மறுபடி பீங்கான் பாத்திரம் மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பிசியோ பொண்ணு முதல் நாள் என்னைத் தொடவே இல்லை, முக்கால் மணி நேரம் பேசினாள். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2015ல் ஒரு தொகுப்பு வெளியானது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்திருக்கிறது, 50 வயதில் 80 சதவீதம். டிஸ்க் பல்ஜ் 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு. இவ்வளவு பேரும் இடுப்பு வலி என்றால் என்னவென்று கேட்கிறவர்கள்! "தலை நரைக்கிற மாதிரி உள்ளேயும் கொஞ்சம் நரைக்கும் அண்ணாச்சி, நரைச்ச முடி வலிக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலேயே கொஞ்சம் இடுப்பு இளகிய மாதிரி இருந்தது, அது உண்மையோ என் நினைப்போ.

அப்படியானால் ஏன் வலிக்கிறது? அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு வீட்டில் ஒரு தடவை திருடன் வந்துவிட்டான், நாய் குரைத்தது, சரி. அதற்கப்புறம் அந்த நாய் பால்காரர் வந்தாலும் குரைக்கிறது, தென்னை மட்டை விழுந்தாலும் குரைக்கிறது, ராத்திரி எல்லாம் குரைக்கிறது. குரைப்பு பொய்யில்லை, காது கிழிகிறது. ஆனால் வாசலில் திருடன் இல்லை. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் அந்த நாய் மாதிரி ஆகிவிடுகிறது. காயம் ஆறின பிறகும், குனிகிற நினைப்பு வந்தாலே எச்சரிக்கை மணி அடிக்கிறது. நாம் பயந்து தசையை இறுக்குகிறோம், மூச்சை அடக்குகிறோம், அசையாமல் இருக்கிறோம், அசையாத தசை பலம் குறைகிறது, பலம் குறைந்த தசை சின்ன வேலைக்கே வலிக்கிறது, "பார்த்தியா, நான் சொன்னேன்லா" என்று பயம் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை 2000ல் யோஹான் விலாயன், ஸ்டீவன் லின்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தெளிவாக எழுதிவைத்தார்கள், இன்றைக்கு நிறையப் பிசியோக்கள் இதை வைத்துப் பேசுகிறார்கள்.

நாயை அடித்து வழிக்குக் கொண்டுவர முடியாது. பால்காரரைத் தினமும் அதன் கண் முன்னால் நடக்கவிட வேண்டும். பயிற்சி என்பது அதுதான்.

பயப் பட்டியல்

ஒரு நோட்டு எடுங்கள், வலி எங்கே, எப்படி என்று எழுத வேண்டாம், அதைத்தான் எல்லா டாக்டரிடமும் சொல்லி அலுத்திருப்பீர்கள். என்னென்ன செய்யாமல் விட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை நினைத்தால் எவ்வளவு பயம் என்று பத்துக்கு ஒரு மார்க். என் பட்டியலில் கட்டிலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டுவது 2, வாஷ்பேசினில் குனிந்து முகம் கழுவுவது 3, கடையில் கீழ்த்தட்டுச் சாமானை எடுப்பது 4, சம்மணம் போட்டுச் சாப்பிடுவது 5, டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டு 6, ஆற்றில் படி இறங்கி முங்குவது 7, தங்கச்சி மகளைத் தூக்குவது 8, சிலிண்டர் 10 என்று இருந்தது.

இன்னொரு பக்கத்தில் உங்கள் கள்ளத்தனங்களை எழுதுங்கள். பெல்ட் போட்டால்தான் வெளியே போவது, எழும்போது சுவரைப் பிடிப்பது, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, "ஏ பிள்ள, அந்தத் துண்டை எடு" என்று வீட்டில் ஏவுவது. இதெல்லாம் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறோம். ஆனால் பெல்ட்டோடு குனிந்து ஒன்றும் ஆகவில்லை என்றால் மனசு அந்தப் பெருமையைப் பெல்ட்டுக்குக் கொடுத்துவிடும், இடுப்புக்குக் கொடுக்காது. அதனால் இவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரே நாளில் வேண்டாம். (பிசியோவிடம் போனால் பயத்தை அளக்க டாம்பா அளவுகோல் என்று 17 கேள்வி கேட்கலாம், மொத்தம் 17ல் இருந்து 68 வரை மார்க், 37க்கு மேல் போனால் பயம் அதிகம் என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 49. ஸ்கூலில்கூட இவ்வளவு வாங்கினதில்லை.)

எங்கே தொடங்குவது: மூன்று நாள் கணக்கு

பட்டியலில் 2, 3 மார்க் வேலையில் தொடங்குங்கள். 10ல் தொடங்குகிற வீராப்பு வேண்டாம்.

அளவு கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு. மூன்று நாள் அந்த வேலையைச் செய்து பாருங்கள், வழக்கத்தைவிட வலி கூட ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். தரையில் உட்காருவதில் எனக்கு ஒரு நாள் 6 நிமிடம், ஒரு நாள் 4, ஒரு நாள் 8. சராசரி 6. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 5 நிமிடத்துக்குப் பக்கம் வரும். அதுதான் தொடக்கம். பத்தமடைப் பாயை விரித்து, கடிகாரத்தைப் பார்த்து, 5 நிமிடம் ஆனதும் எழுந்துவிட வேண்டும். வலித்தாலும் 5, வலிக்காவிட்டாலும் 5. வாரம் ஒரு தடவை ஒரு நிமிடம் கூட்டலாம்.

வலிக்காத அன்றைக்கு ஏன் நிறுத்த வேண்டும் என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் வலிக்காரர்கள் கெட்டுப்போவது நல்ல நாளில்தான். ஆனித் திருவிழா சமயத்தில் இடுப்பு கொஞ்சம் லேசாக இருந்தது, தேரோட்டம் பார்க்க டவுனுக்குப் போனேன், நெல்லையப்பர் தேர் பின்னாலேயே நாலு ரத வீதியும் சுற்றினேன், நடுவில் உட்காரக்கூட இல்லை. அப்புறம் மூன்று நாள் படுக்கை. "நடந்ததால்தான் வந்தது, இனி நடக்கவே கூடாது" என்று மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. நடந்தது தப்பே இல்லை, மாதக்கணக்கில் வாசல்படி தாண்டாதவன் ஒரே நாளில் அவ்வளவு நடந்ததுதான் தப்பு. நல்ல நாளில் எகிறுவது, கெட்ட நாளில் சுருண்டு படுப்பது, இந்த ஊஞ்சலை நிறுத்தத்தான் கடிகாரம்.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதுவது

இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், எனக்குப் பயத்தைக் குறைத்தது இதுதான். வேலையைச் செய்வதற்கு முன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுத வேண்டும், நேராக, வெட்கப்படாமல். நான் எழுதியது: "கீழ்த்தட்டில் இருந்து சோப்பு எடுக்கக் குனிந்தால் இடுப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும், நிமிர முடியாது, கடையில் எல்லாரும் பார்ப்பார்கள், இரண்டு நாள் படுத்துவிடுவேன். இப்படித்தான் ஆகும் என்ற நம்பிக்கை 80 சதவீதம்."

அப்புறம் குனிந்தேன். பிசியோ பொண்ணு பக்கத்தில்தான் நின்றாள், பிடிக்கவில்லை. "மூச்சை விட்டுக்கிட்டே போங்க அண்ணாச்சி, அடக்காதீங்க. வயித்தை இறுக்காதீங்க, முதுகு வளைஞ்சா வளையட்டும்." முதுகு வளையட்டும் என்று அவள் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, முதுகை நேராக வைத்து முட்டியை மடக்கித்தான் எடுக்க வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். வளைவதற்கென்றே இருக்கிற எலும்புக் கோவை அது, லேசான சாமானுக்கு வளைந்து எடுப்பதில் தப்பே கிடையாது என்றாள். எடுத்தேன். இழுத்தது, வலி பத்துக்கு 3ல் இருந்து 5 ஆனது. நிமிர்ந்தேன். பிடிக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை, ஒரு ஆள் மட்டும் ரின் சோப்பு என்ன விலை என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மறுபடி எழுதினேன்: வலி பழைய 3. படுக்கவில்லை. நம்பிக்கை 80ல் இருந்து 55. இப்படி ஒரே வேலையைப் பல நாள், பல விதமாக: காலையில், சாயங்காலம், பெல்ட் இல்லாமல், திரும்பிக்கொண்டே, ஆள் பார்க்கும்போது. ஒரே விதமாக மட்டும் செய்தால் அந்த ஒரு விதத்துக்குத்தான் பயம் போகும்.

எவ்வளவு வலி வரலாம் என்று கேட்பீர்கள். எனக்குச் சொன்ன கணக்கு இது: செய்யும்போது பத்துக்கு 4, 5 வரை போகலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் உடைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, அளவு கூடிவிட்டது, ஒரு படி இறங்கிச் செய்யுங்கள். முழுக்க நிறுத்தாதீர்கள். புதிதாக மரத்துப்போவது, பலம் குறைவது மாதிரி வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டர்.

குடத்துத் தண்ணீர்

எடை தூக்குவதற்கு ஜிம் தேவையில்லை, வீட்டில் குடம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, இதைவிடச் சுத்தமான எடைக்கல் எங்கே கிடைக்கும்? பிளாஸ்டிக் குடத்தில் 3 லிட்டர் ஊற்றி, திண்ணையில் இருந்து தூக்கி வைத்தேன், ஐந்து தடவை. திண்ணை முடிந்ததும் ஸ்டூல், ஸ்டூல் முடிந்ததும் தரை. உயரத்தைக் குறைக்கிற வாரத்தில் தண்ணீரைக் கூட்ட மாட்டேன், தண்ணீரைக் கூட்டுகிற வாரத்தில் உயரத்தை மாற்ற மாட்டேன். வாரத்துக்கு ஒரு லிட்டர், சில சமயம் அரை லிட்டர். தண்ணீர் குலுங்குவது இன்னொரு லாபம், உடம்பு தானாகச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். முட்டி வலிக்காரர்களுக்கு இதே மாதிரி வாசல்படி: ஒரு படி ஏறி இறங்குவது, அப்புறம் இரண்டு. கழுத்துக்கு, தலையைத் திருப்பி இடது சுவரில் இருக்கிற காலண்டர், வலது சுவரில் இருக்கிற கடிகாரம்.

முக்கூடலில் இருக்கிற என் தங்கச்சிக்குக் கழுத்து வலி, பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டோடு காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை தலை நிமிராது. அவளுக்கு அசையப் பயம், திருப்பினால் நரம்பு பிசகிவிடுமாம். "சும்மா இருந்து பாரு" என்று அவளிடம் சொல்ல முடியாது, சுற்றினால்தான் கூலி. அதனால் ஒரு கட்டு முடிந்ததும் தட்டை இறக்கி வைத்து, எழுந்து, பக்கத்து வீட்டு மதினி வாசலில் என்ன செய்கிறாள் என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பது. வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு பிசியோ சீட்டு கிடைத்த மாதிரி என்று சொல்வாள்.

வீட்டு ஆட்கள்

எங்கள் அம்மாவுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம், அதுதான் பிரச்சனை. நான் லேசாகச் சாய்ந்தாலே, "எய்யா, நீ குனியாதய்யா, நான் எடுக்கேன்" என்று 74 வயதில் அவள் குனிந்து எடுப்பாள். ஒரு நாள் அம்மாவையும் பிசியோவிடம் கூட்டிப்போனேன். இனி மூன்று சொல்ல வேண்டாம் என்று ஒப்பந்தம்: "குனியாதே", "பார்த்து", "வலிக்கா?" நாள் முழுக்க வலிக்கா வலிக்கா என்று கேட்டால் அந்த நாய் எப்படித் தூங்கும். அதற்குப் பதில் இன்றைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கச் சொன்னோம். கடைக்கு வருகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது, அவரவருக்குத் தெரிந்த ஒரு ஆள் குனிந்து படுத்த கதை இருக்கும், சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

வலி ஏறும் நாளுக்கு

வரும். கட்டாயம் வரும், அதனால் முதலிலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். என் சீட்டு: இரண்டு நாள் எல்லா அளவும் பாதி. படுக்க வேண்டாம், தெரு முனை வரையாவது நடக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம். டாக்டர் கொடுத்த மாத்திரை இருந்தால் அவர் சொன்னபடி, நானாகக் கூட்டுவதும் இல்லை நிறுத்துவதும் இல்லை. மூன்றாம் நாளில் இருந்து பழைய அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது. எனக்கு நாலு மாதத்தில் மூன்று தடவை இப்படி ஏறியது, மூன்றாவது தடவை நான் யாரிடமும் சொல்லக்கூட இல்லை.

பிசியோவிடம் என்ன கேட்பது

இதைத் தனியாகச் செய்ய முடியாது என்றில்லை, ஆனால் பட்டியலில் 6க்கு மேல் மார்க் உள்ள வேலைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். போனதும் கேளுங்கள்: "நான் பயப்படுகிற வேலையை என்னோடு நின்று செய்ய வைப்பீங்களா?" கரண்ட், ஒத்தடம், இழுவை இவையெல்லாம் கொஞ்ச நேரம் ஆசுவாசம் தரலாம், படுத்துக்கிடக்கிற ஆளுக்கு யாரோ செய்கிற வைத்தியம் பயத்தை எடுக்காது. காசுக்குக் கஷ்டம் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிற ஏற்பாடும் உண்டு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குறுக்குத்துறைக்கு மார்ச் மாதத்தில் போனேன், தண்ணீர் கம்மியாக, படி காய்ந்து இருக்கும்போது. (வெள்ளம் வந்தால் அங்கே முருகன் கோயிலே முங்கிவிடும், பாசி பிடித்த படியில் பயப்படுவது நியாயமான பயம், அதையெல்லாம் பட்டியலில் சேர்க்காதீர்கள்.) முதல் நாள் படியில் உட்கார்ந்து கால் நனைத்ததோடு சரி. அடுத்த வாரம் முட்டி அளவு. நோட்டில் "முங்கினால் எழ முடியாது, 60 சதவீதம்" என்று எழுதிவைத்துவிட்டுத்தான் மூன்றாவது வாரம் முங்கினேன்.

சிலிண்டர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, மார்க் 10ல் இருந்து 6க்கு வந்திருக்கிறது. குடம் இப்போது 11 லிட்டர், தரையில் இருந்து. உள்ளே இருக்கிற கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பு தனி, அதனால் அவசரம் இல்லை. போன வாரம் காலி சிலிண்டரைச் சாய்த்து, வாசல் வரை உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.